தைல மரத்தில் என்ஐஆர் கணிப்பு தடுமாறினால் எங்கே பார்ப்பது? அறிகுறி வாரியாக ஒரு வழிகாட்டி

மரத்தை வெட்டாமல் அதன் கட்டையின் குணத்தை அறிய வேகமான வழி ஒன்று உண்டு. அண்மை அகச்சிவப்பு நிறமாலை, லேபில் சொல்வதுபோல் சொன்னால் என்ஐஆர். மார்பளவு உயரத்தில் துளைக்கருவியை இறக்கி ஒரு கோர், அதாவது பென்சில் போன்ற கட்டைத் துண்டு, எடுக்கிறோம். உலர்த்தி, அரைத்து, கிண்ணத்தில் போட்டு ஸ்கேன் செய்கிறோம். லிக்னின் (நார்களை ஒட்டவைக்கும் பொருள்), செல்லுலோஸ் (நாரின் முக்கியப் பொருள்), கூழ் விளைச்சல் (கட்டையிலிருந்து கிடைக்கும் காகிதக் கூழின் சதவீதம்) எல்லாவற்றுக்கும் கணிப்பு நிமிடங்களில் வந்துவிடுகிறது. இதையே ஆசிட் ஊற்றி, வடிகட்டி, எடை பார்த்துச் செய்தால் ஒரு தொகுதிக்கே பல நாள் பிடிக்கும். நூற்றுக்கணக்கான மரங்களில் நல்லதைப் பொறுக்க வேண்டிய இனப்பெருக்க வேலைக்கு என்ஐஆர் பெரிய வரம்.

ஆனால் கணிப்பு தவறினால் விலை கொடுப்பது லேப் அல்ல. தமிழ்நாட்டில் காகித ஆலைக்கென்று தைல மரமும் சவுக்கும் போடுகிறவர்களில் விவசாயிகள் ஏராளம். சவுக்கை மூன்று நான்கு ஆண்டில் வெட்டிவிடலாம். தைல மரமோ வெட்டிய அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும், ஒருமுறை நட்ட குளோன் (ஒரே தாய்மரத்தின் நகல் கன்று) நிலத்தை விட்டு எளிதில் போகாது. தவறாகத் தேர்ந்த குளோன் விவசாயியின் நிலத்தில் ஆண்டுக்கணக்கில் நிற்கும். அதனால்தான் இந்தக் கருவி தடுமாறும்போது எப்படியாவது ஒரு நல்ல ஆர் ஸ்கொயரை (கணிப்பு லேப் எண்ணோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும், ஒன்றுக்கு அருகில் இருந்தால் நல்லது எனப்படும் எண்) வரவழைத்துவிட்டு நகர்ந்துவிடக் கூடாது என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தெளிவாகும். 780 முதல் 2500 நானோமீட்டர் வரையுள்ள இந்த ஒளி லிக்னினை நேராக அளப்பதில்லை. ஹைட்ரஜனோடு ஆக்சிஜனும் கார்பனும் பிணைந்திருக்கும் இடங்களில் உண்டாகும் அதிர்வுகளின் மேற்சுரங்களும் கூட்டு அதிர்வுகளும்தான் அதில் பதிகின்றன. இப்படிக் கிடைக்கும் நிறமாலைக் கோட்டுக்கும் லேப் கொடுத்த எண்ணுக்கும் ஓர் உறவைக் கணக்கால் கட்டுகிறோம், அதுதான் மாடல். ஆகவே தவறு நான்கு இடங்களில் இருக்கலாம்: கருவி, மாதிரி, லேப் எண், மாடல். பெரும்பாலானவர்கள் மாடலில் தொடங்கி முன்சீராக்கத்தை (மாடலுக்கு முன் கோட்டைக் கணக்கால் திருத்துவதை) மாற்றி மாற்றிப் பார்க்கிறார்கள். நான் பார்த்தவரை கோளாறு அதிகம் இருப்பது மாதிரியிலும் லேப் எண்ணிலும்தான். எதைத் தொடுவதற்கு முன்பும் எல்லா மாதிரிகளின் மூல நிறமாலையையும், எந்தச் சீராக்கமும் செய்யாமல், ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்து ஐந்து நிமிடம் உற்றுப் பாருங்கள். அப்புறம் கீழே உங்கள் அறிகுறியைத் தேடுங்கள்.

ஒரே மாதிரியை மறுபடி வைத்தால் கோடு மேலே கீழே போகிறது

மூன்று சோதனைகளை இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் கிண்ணத்தைத் தொடாமல் அப்படியே மூன்று முறை ஸ்கேன் செய்யுங்கள். கோடு நகர்ந்தால் கோளாறு கருவியில். நகரவில்லை என்றால் தூளைக் கொட்டிவிட்டு அதே தூளை மறுபடி நிரப்பி ஸ்கேன் செய்யுங்கள். இப்போது நகர்ந்தால் நிரப்பும் விதத்தில். அதிலும் நகரவில்லை என்றால் அதே மரத்தின் பையிலிருந்து இன்னொரு கைப்பிடி எடுத்து அரைத்துப் பாருங்கள். இங்கே நகர்ந்தால் அரைப்பதிலோ, பையில் இருப்பது சீராகக் கலக்காததிலோ பிரச்சினை.

கருவிதான் என்று தெரிந்தால் முதலில் விளக்கு. ஹாலஜன் விளக்கு நிலைபெற அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். காலையில் வந்ததும் போட்டு உடனே எடுத்த முதல் பத்து மாதிரிகள் மட்டும் தனிக் கூட்டமாக நிற்பது இதனால்தான். அடுத்து, ஒப்பீட்டுக்கு வைக்கும் வெள்ளைத் தகடு. அந்தத் தகட்டையே மாதிரியாக வைத்து ஸ்கேன் செய்தால் கோடு பூஜ்யத்தில் தட்டையாக ஓட வேண்டும். 1940 நானோமீட்டர் பக்கம் மேடு தெரிந்தால் ஈரம். 1725, 2310 பக்கம் சிறு முனைகள் தெரிந்தால் கைவிரல் எண்ணெய். டெஃப்லான் வகைத் தகடாக இருந்தால், தயாரிப்பாளர் கையேடு அனுமதிக்கும் பட்சத்தில், ஓடும் தண்ணீரில் நைசான, நீரில் தேய்க்கும் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துக் காயவைத்தால் சரியாகும். கண்ணாடி மூடிய தகட்டைத் தேய்க்கவே கூடாது.

நிரப்புவதிலும் அரைப்பதிலும் கோளாறு என்றால் காரணம் ஒளிச் சிதறல். தூள் பருக்கையாக இருந்தால் ஒளி ஆழமாகப் போகும், கோடு மேலே ஏறும். நைசாக இருந்தால் இறங்கும். எல்லாவற்றையும் ஒரே சல்லடையில் விடுங்கள். 1 மி.மீ. என்றால் கடைசி வரை 1 மி.மீ. பையை ஆட்டிக்கொண்டு வந்தால் நைசான தூள் அடியில் இறங்கிவிடும், மேலாக அள்ளினால் பருக்கை மட்டும் வரும். ஆகவே நிரப்பும் முன் பையைத் தலைகீழாகப் புரட்டிக் கலக்குங்கள். சுழலும் கிண்ணம் இருந்தால் இன்னும் நல்லது.

மிச்சமிருக்கும் சிதறலுக்குக் கணக்குச் சீராக்கங்கள் போதும்: கோடுகளை ஒரே அளவுக்குக் கொண்டுவரும் எஸ்என்வி, எம்எஸ்சி, அல்லது சாவிட்ஸ்கி–கோலே முறையில் முதல், இரண்டாம் வகைக்கெழு (கோட்டின் சரிவு, வளைவு). ஓர் எச்சரிக்கை. தூளில் இவை நன்மையே செய்யும். ஆனால் முழுக் கட்டையின் மேற்பரப்பில் ஸ்கேன் செய்து அடர்த்தியைக் கணிக்கிறீர்கள் என்றால் கதை வேறு. அங்கே கோடு ஏறி இறங்குவதிலேயே அடர்த்தி பற்றிய செய்தி கொஞ்சம் இருக்கிறது, எஸ்என்வி அதைத் துடைத்துவிடும். சீராக்கத்தோடும் இல்லாமலும் இரண்டு மாடல் கட்டி ஒப்பிட்ட பிறகே முடிவெடுங்கள். அரைத்த தூளிலிருந்து அடர்த்தியைக் கணிப்பவர்களும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். அரைத்ததும் கட்டையின் அமைப்பு போய்விட்டது. மிஞ்சிய வேதிப்பொருளுக்கும் அடர்த்திக்கும் உள்ள மறைமுக உறவை வைத்துத்தான் அந்த மாடல் நிற்கிறது.

1450, 1940 நானோமீட்டரில் மட்டும் கோடுகள் விரிந்து பிரிகின்றன

இது தண்ணீர். மரத்தில் என்ஐஆர் செய்பவருக்கு வரும் தொல்லைகளில் இதுதான் முதலிடம். அது வெளியே தெரியாமல் மாடலுக்குள் புகுந்துவிடுவதுதான் ஆபத்து.

எப்படிப் புகும் என்று பாருங்கள். ஒரு தோட்டத்து மாதிரிகளை மே மாத வெயிலில் ஸ்கேன் செய்கிறீர்கள். இன்னொரு தோட்டத்தை நவம்பரில், வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது ஸ்கேன் செய்கிறீர்கள். மழைக்காலக் காற்றில் தூள் சில சதவீத ஈரத்தைக் கூடுதலாகப் பிடித்துக்கொள்ளும். இரண்டு தோட்டத்துக்கும் லிக்னினிலும் கொஞ்சம் வித்தியாசம் இருந்துவிட்டால் மாடல் அந்த ஈரத்தையே லிக்னினின் அடையாளமாக எடுத்துக்கொள்ளும். எண்கள் பிரமாதமாக இருக்கும். அடுத்த கோடையில் எல்லாம் உடையும்.

சோதிக்க எளிய வழி உண்டு. நாலைந்து மாதிரிகளைத் திறந்த தட்டில் பரப்பி எடை போடுங்கள். மறுநாள் அதே நேரம் மறுபடி எடை போடுங்கள். எடை நகர்ந்துகொண்டிருந்தால் மாதிரி இன்னும் ஸ்கேனுக்குத் தயாராகவில்லை. அரைக்கும்போது உண்டாகும் சூட்டில் தூள் ஈரத்தை இழப்பதும் உண்டு, அதனால் அரைத்த உடனே ஸ்கேன் செய்வதும் சரியல்ல.

தீர்வுக்கு இரண்டு பாதை. எல்லாவற்றையும் ஓவனில் உலர்த்தி டெசிகேட்டரில் (ஈரம் புகாத மூடிய பாத்திரம்) ஆறவைத்து ஸ்கேன் செய்வது ஒன்று. வெப்பமும் ஈரமும் கட்டுப்படுத்திய அறையில் திறந்து வைத்து, எடை நிலைக்கும் வரை காத்திருந்து ஸ்கேன் செய்வது மற்றொன்று. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். எலும்பாகக் காய்ந்த தூள் டெசிகேட்டரை விட்டு வெளியே வந்த கணத்திலிருந்து காற்றின் ஈரத்தைக் குடிக்கத் தொடங்கும். முதல் கிண்ணத்துக்கும் இருபதாவது கிண்ணத்துக்கும் இடையிலேயே வித்தியாசம் வந்துவிடும். எதைச் செய்தாலும் கேலிப்ரேஷன் மாதிரிக்கும் (லேப் எண்ணோடு மாடல் கட்டப் பயன்படுவது) கணிக்க வேண்டிய மாதிரிக்கும் ஒரே நடைமுறை இருக்க வேண்டும்.

கட்டுப்படுத்திய அறை இல்லையா? 1880 முதல் 2000 வரை வெட்டிவிட்டு மாடல் கட்டிப் பாருங்கள். 1450 பக்கத்தை முழுதாக வெட்டத் தயங்குங்கள், அங்கே செல்லுலோஸின் ஹைட்ராக்சிலும் கலந்திருக்கிறது. இல்லையென்றால் சில மாதிரிகளை வேண்டுமென்றே வேறு வேறு ஈரநிலையில் ஸ்கேன் செய்து கேலிப்ரேஷனில் சேர்த்துவிடுங்கள், ஈரம் மாறினாலும் லிக்னின் மாறுவதில்லை என்பதை மாடல் கற்றுக்கொள்ளும். அறை வெப்பத்தையும் மறக்காதீர்கள். சூடு கூடினால் தண்ணீரின் முனை குறுகிய அலைநீளம் பக்கம் நகரும். ஏசி ஓடும் நாளும் கரண்ட் போன நாளும் ஒன்றல்ல.

பச்சைக் கட்டை தனி விஷயம். ஈரம் சுமார் 30 சதவீதம் தாண்டினால் நார்ச்சுவர் நிறைந்து, மிச்சத் தண்ணீர் செல்களின் உள்ளே நிற்கும். 1940-இல் ஒளி கிட்டத்தட்ட முழுதும் விழுங்கப்பட்டு அந்தப் பகுதி இரைச்சலாகிவிடும். உலர்ந்த தூளில் கட்டிய மாடலைப் பச்சைக் கட்டையில் ஓட்டவே ஓட்டாதீர்கள்.

கோட்டில் படிக்கட்டு, ஓரத்தில் நடுக்கம்

நடுவில் திடீரென்று ஒரு படி தெரிந்தால் அது பெரும்பாலும் இரண்டு உணர்விகள் சந்திக்கும் இடம். சிலிக்கான் உணர்வி 1100 பக்கத்தோடு ஓய்கிறது, அதற்கு மேல் வேறு உணர்வி எடுத்துக்கொள்கிறது. விளக்கு சூடேறாவிட்டாலோ, மாதிரிக்கும் முனைக்கும் இடைவெளி மாறினாலோ படி பெரிதாகும். 2200-க்கு மேல் நடுக்கம் என்றால் ஒளியிழையைப் பாருங்கள், சிலிக்கா இழை அங்கே ஒளியை அதிகம் விழுங்கும். ஸ்கேன் எண்ணிக்கையை 32, 64 என்று கூட்டிச் சராசரி எடுங்கள். போதவில்லை என்றால் அந்த ஓரத்தை வெட்டிவிடுங்கள். இரைச்சல் உள்ள ஓரத்தில் இரண்டாம் வகைக்கெழு எடுப்பது இரைச்சலைப் பல மடங்காக்கும்.

கேலிப்ரேஷனில் அருமை, புது மரத்தில் படுதோல்வி

முதலில் கேட்க வேண்டியது, மாடலைச் சோதிக்க ஒதுக்கும் சோதனைத் தொகுப்பை எப்படிப் பிரித்தீர்கள் என்பது. ஒரு கோரில் பத்து இடத்தில் ஸ்கேன் செய்து, அந்த ஸ்கேன்களைக் குலுக்கிப் போட்டு எழுபதுக்கு முப்பதாகப் பிரித்தால் ஒரே மரம் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கும். மாடல் அந்த மரத்தை ஏற்கெனவே பார்த்துவிட்டது. மரவாரியாகப் பிரியுங்கள். குளோன் சோதனை என்றால் குளோன்வாரியாகப் பிரியுங்கள், ஏனென்றால் ஒரே குளோனின் இரண்டு மரம் மரபில் ஒன்றுதான். முடிந்தால் ஒரு தோட்டத்தை முழுதாக ஒதுக்கி வைத்துக் கடைசியில் சோதியுங்கள். ஆர் ஸ்கொயர் இறங்கும். இறங்கிய எண்தான் உண்மை.

அடுத்து பிஎல்எஸ் காரணிகளின் எண்ணிக்கை. பிஎல்எஸ் என்பது நிறமாலையைச் சில காரணிகளாகச் சுருக்கி மாடல் கட்டும் முறை. குறுக்குச் சரிபார்ப்புப் பிழை (சில மாதிரிகளை மாற்றி மாற்றி ஒதுக்கிக் கணித்துப் பார்க்கும் பிழை) எங்கே தட்டையாகிறதோ அங்கே நிறுத்துங்கள். கடைசி இம்மி வரை இறக்கப் பார்க்காதீர்கள். அறுபது எழுபது மாதிரிக்குப் பத்துப் பன்னிரண்டு காரணி என்றால் சந்தேகப்பட வேண்டும். லேப் எண்களைக் குலுக்கி, தவறான மரத்துக்குத் தவறான எண்ணைக் கொடுத்து அதே முறையில் மாடல் கட்டுங்கள். அப்போதும் கேலிப்ரேஷன் நன்றாக வந்தால் உங்கள் முறை எதையும் மனப்பாடம் செய்யும் முறை.

அப்புறம் மாடலின் கெழுக்களை, அதாவது ஒவ்வொரு அலைநீளத்துக்கும் மாடல் தரும் எடையை, அலைநீளத்துக்கு எதிராக வரைந்து பாருங்கள். இதைச் செய்யாமல் எந்த மாடலையும் நான் நம்புவதில்லை. லிக்னின் மாடல் என்றால் 1670–1685 பக்கம், அரோமாட்டிக் கார்பன்–ஹைட்ரஜன் மேற்சுரம் இருக்கும் இடத்தில், ஏதாவது தெரிய வேண்டும். செல்லுலோஸ் என்றால் 2100 பக்கமும் 2270–2340 பக்கமும். லிக்னின் மாடல் 1940-இல் சாய்ந்து நின்றால் அது கணிப்பது தண்ணீரை. கெழு முழுக்க ரம்பப் பல்லாக இருந்தால் அது கணிப்பது இரைச்சலை.

மாதிரிகளைப் பிரிக்கும் கென்னார்ட்–ஸ்டோன் முறையில் கேலிப்ரேஷனைத் தேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த முறை ஓரத்து மாதிரிகளையெல்லாம் கேலிப்ரேஷனுக்கு எடுத்துக்கொண்டு நடுவில் இருக்கும் சுலபமானவற்றைச் சோதனைக்கு விடும். அதனால் சோதனைப் பிழை உள்ளதைவிடச் சிறியதாகத் தெரியும்.

என்ன சீராக்கம் செய்தாலும் ஆர் ஸ்கொயர் ஏறவில்லை

இங்கே மென்பொருளை மூடிவிட்டு லேப் நோட்டை எடுங்கள். என்ஐஆர் தன் ஆசானைவிடச் சிறந்ததாக வளராது, அதற்குக் கற்றுக்கொடுத்த எண்ணின் பிழை அதன் கூரை.

அந்தக் கூரையைக் கணக்கிடலாம். இருபது மாதிரிகளையாவது இரட்டையாக, லேப் ஆளுக்கு எது எதன் ஜோடி என்று தெரியாமல் கொடுங்கள். ஒவ்வொரு ஜோடியின் வித்தியாசத்தையும் வர்க்கமாக்கிக் கூட்டி, ஜோடி எண்ணிக்கையின் இரு மடங்கால் வகுத்து, வர்க்கமூலம் எடுங்கள். அதுதான் லேப் பிழை. உங்கள் லிக்னின் எண்களின் திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து அவை பரவியிருக்கும் அளவு) 1.2 என்றும் லேப் பிழை 0.8 என்றும் வைத்துக்கொள்வோம். 0.64-ஐ 1.44-ஆல் வகுத்து ஒன்றிலிருந்து கழித்தால் சுமார் 0.56. அந்தத் தொகுப்பில் நேர்மையான ஆர் ஸ்கொயர் அதற்கு மேல் போக வழியில்லை. 0.9 வந்திருந்தால்தான் பயப்பட வேண்டும்.

தைல மரத்தில் லிக்னின் எண் கெடுவதற்கு இரண்டு பழகிய காரணங்கள். ஒன்று, வைரக்கட்டையில் இருக்கும் பாலிஃபீனால்கள். கரைப்பானால் முதலில் அவற்றை இறக்காமல் 72 சதவீதக் கந்தக அமிலத்தில் போட்டால் அவை திரண்டு கரையாத மிச்சத்தோடு சேர்ந்துவிடும், லிக்னின் கூடுதலாகத் தெரியும். சிவந்த வைரம் உள்ள மரங்களுக்கு மட்டும் லிக்னின் தூக்கலாக வந்தால் இதைச் சந்தேகியுங்கள். இரண்டு, அமிலத்தில் கரையும் லிக்னின். அகன்ற இலை மரங்களில் இது ஒதுக்கிவிடும் அளவில் இருப்பதில்லை, தைல மரத்தில் சில சதவீதம் வரும். வடிகட்டிய திரவத்தைப் புறஊதாவில் 205 நானோமீட்டரில் படித்துத்தான் அதை எடுக்க வேண்டும். ஒருவர் அதைக் கூட்டி எழுதி, இன்னொருவர் விட்டுவிட்டு எழுதியிருந்தால் உங்கள் தரவில் இரண்டு வேறு கூட்டம் இருக்கும். மாடலின் எச்சப் பிழைகளை (லேப் எண்ணுக்கும் கணிப்புக்கும் உள்ள வித்தியாசத்தை) எடுத்து, யார் செய்தது, எந்தத் தேதி, எந்தத் தொகுதி என்று நிறம் கொடுத்து வரையுங்கள். ஒரு நிறம் மேலேயும் ஒரு நிறம் கீழேயும் நின்றால் வழக்கு முடிந்தது.

கூழ் விளைச்சலுக்கு வேறு சங்கதி. கிராஃப்ட் முறையில் (காரக் கரைசலில் கட்டையை வேகவைக்கும் ஆலை முறை) சமைத்தால் தைல மரத்தில் பொதுவாக 45 முதல் 55 சதவீதம் வரும். அந்தச் சில சதவீதத்துக்குள்தான் நல்ல மரமும் கெட்ட மரமும். ஆனால் விளைச்சல் சமையலின் அளவைப் பொறுத்தது. அதிகம் வெந்தால் காப்பா எண் (கூழில் மிஞ்சிய லிக்னினைக் காட்டும் எண்) இறங்கும், விளைச்சலும் இறங்கும். ஒரு மரம் காப்பா 16-இலும் இன்னொன்று 22-இலும் நின்றிருந்தால் அந்த இரண்டு விளைச்சலையும் ஒப்பிட முடியாது. ஒவ்வொரு மரத்தையும் இரண்டு மூன்று கார அளவில் சமைத்து, எல்லாவற்றையும் ஒரே காப்பாவுக்குக் கொண்டுவந்து அந்த எண்ணைத்தான் மாடலுக்குக் கொடுக்க வேண்டும். செலவுதான், ஆனால் நாற்பது நல்ல எண் நூற்றைம்பது குழப்ப எண்ணைவிட மேல்.

கடைசியாகச் சாதாரண விஷயம் ஒன்று. பை மாறியிருக்கலாம். சீட்டு நனைந்து 1 என்பது 7 ஆகியிருக்கலாம். மிகப் பெரிய பிழை காட்டும் மாதிரிகளை முதலில் மறுபடி லேபுக்கு அனுப்புங்கள். பக்கத்துப் பக்கத்து எண்ணுள்ள இரண்டு மாதிரிகள் எதிரெதிர்த் திசையில் பிழை காட்டினால் இடமாற்றம் நடந்திருக்கும்.

கணிப்பு எல்லாம் சராசரியை ஒட்டியே வருகிறது

உயர்ந்ததைக் குறைத்தும் தாழ்ந்ததைக் கூட்டியும் சொல்வது இந்தக் கணக்கின் இயல்பு, கோளாறு என்று உடனே எண்ண வேண்டாம். வரிசை சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். லேப் எண்ணின் தரவரிசைக்கும் கணிப்பின் தரவரிசைக்கும் ஒப்புறவு நன்றாக இருந்தால் தேர்வு வேலைக்கு மாடல் உதவும். லேப் எண்ணின் திட்ட விலக்கத்தைச் சோதனைப் பிழையால் வகுத்தால் வரும் ஆர்பிடி, மர இனப்பெருக்கத்தில் முதற்கட்ட வடிகட்டலுக்கு 1.5 இருந்தாலே போதும் என்று மர ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். 2.5 தாண்டினால் இன்னும் துணிந்து பயன்படுத்தலாம். 1.5 அளவில் நிற்கும் மாடலைக் கொண்டு ஒரு தனி மரத்துக்கு லிக்னின் இத்தனை என்று அறிக்கை எழுதாதீர்கள். மேல் கால்வாசி மரங்களைப் பொறுக்கி, அவற்றை மட்டும் லேபின் ஆசிட் சோதனைக்கு அனுப்புங்கள்.

தரவரிசையும் சரியில்லை என்றால் கேலிப்ரேஷனில் வீச்சு போதவில்லை. நல்ல குளோன்களையே திரும்பத் திரும்ப எடுத்திருப்பீர்கள். விதையில் வந்த மரம், ஒல்லியான மரம், மோசமான மண்ணில் நின்ற மரம் எல்லாவற்றையும் தேடிச் சேருங்கள்.

புதுத் தோட்டத்து மரங்கள் மொத்தமாக ஒரே பக்கம் சாய்கின்றன

புது மாதிரிகள் மாடலுக்குத் தெரிந்த உலகத்துக்குள் இருக்கின்றனவா என்பதை முதலில் பாருங்கள். இதற்கான அளவுகோல், இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்த மஹலனோபிஸ் 1936-இல் கொடுத்த தூரம்; ஒரு மாதிரி கூட்டத்தின் நடுவிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்று அது சொல்லும். இன்றும் உலகம் முழுக்க என்ஐஆர் மென்பொருள்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தத் தூரம் மாதிரிகளில் பாதிக்கு மேல் வரம்பைத் தாண்டினால் கணிப்பை வெளியே கொடுக்காதீர்கள். ஐந்து வயது மரத்தில் கட்டிய மாடலை இரண்டு வயது மரத்தில் ஓட்டினாலோ, செம்மண் தோட்டத்து மாடலைக் கடலோர மணலுக்குக் கொண்டுபோனாலோ இது நடக்கும். தைல மர மாடலைச் சவுக்கில் ஓட்டுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம், அதற்குத் தனி மாடல்தான்.

பத்துப் பதினைந்து புது மரங்களை லேபுக்கு அனுப்புங்கள், வீச்சு முழுவதையும் தொடுகிற மாதிரி தேர்ந்து. கணிப்புக்கும் லேபுக்கும் இடையே எல்லா இடத்திலும் ஒரே இடைவெளி என்றால் அந்த இடைவெளியைக் கழித்துவிடலாம். இடைவெளி இடத்துக்கு இடம் கூடிக் குறைந்து, உறவுக் கோட்டின் சரிவே மாறியிருந்தால் கழித்தல் ஏமாற்று வேலை ஆகிவிடும். அந்த மரங்களைக் கேலிப்ரேஷனில் சேர்த்து மாடலைப் புதிதாகக் கட்டுங்கள். புது இடத்துக்குச் சொந்தமான சில மரங்கள் சேர்ந்தாலே மாடல் கணிசமாகத் தெளியும்.

தோட்டம் அதே, கருவி மட்டும் புதிது என்றால் பாலிஸ்டைரீன் தகட்டில் முனைகளின் இடம் இரண்டு கருவியிலும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அப்புறம் மூடி முத்திரையிட்ட கண்ணாடிக் குப்பிகளில் இருபது முப்பது மாதிரிகளை இரண்டிலும் ஸ்கேன் செய்து, ஒரு கருவியின் கோட்டை மற்றதற்கு மாற்றும் கணக்கைப் போடுங்கள். இந்தக் குப்பித் தொகுப்பை முதல் நாளிலேயே தயாரித்துப் பத்திரமாக வைத்திருப்பது நல்லது.

ஓரிரு மாதிரி மட்டும் தனித்து நிற்கிறது

உடனே அழிக்காதீர்கள். பையைத் திறந்து கண்ணால் பாருங்கள். கறுப்பாகவோ நீலமாகவோ இருந்தால் பூஞ்சை. பச்சைக் கோரைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வெயிலில் நின்ற ஜீப்பில் வைத்தால் இது நிச்சயம். காகிதப் பை, அன்றே உலர்த்தல், வேறு வழியில்லை. பழுப்பாகக் கருகிய வாசனை இருந்தால் மழுங்கிய துளைக்கருவி அல்லது மின்துளைக் கருவியின் சூடு. கருஞ்சிவப்புப் பிசின் கோடு இருந்தால் அது கீனோ, காயம்பட்ட தைல மரம் சுரக்கும் பிசின்.

இவை எதுவும் இல்லையென்றால் களக்குறிப்பைப் பாருங்கள். மரம் சாய்ந்திருந்ததா? காற்று அதிகமுள்ள இடமா? சாய்ந்த அகன்ற இலை மரம் மேல்பக்கத்தில் இழுவைக் கட்டையை உருவாக்கும். அதன் நார்களுக்குள் ஏறக்குறைய முழுக்கச் செல்லுலோஸால் ஆன ஒரு படலம் இருக்கும், லிக்னின் குறையும். அப்படி ஒரு மாதிரி தனித்து நிற்பது மாடலின் குற்றமில்லை, மரம் உண்மையைச் சொல்கிறது. ஆனால் அதைப் பார்த்து அந்த மரத்தைக் குறைந்த லிக்னின் குளோன் என்று தேர்ந்துவிடாதீர்கள். எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு கோர் எடுத்துப் பாருங்கள்.

கைக்கருவியை மரத்தில் வைத்தால் எண் ஆளுக்கு ஆள் மாறுகிறது

பட்டையை உரித்தாலும் தெரிவது வெளியே உள்ள சில மில்லிமீட்டர் சாற்றுக்கட்டை, அதுவும் பச்சை ஈரத்தோடு. விலை குறைந்த பல கைக்கருவிகள் 900 முதல் 1700 வரைதான் பார்க்கும். செல்லுலோஸின் பலமான அடையாளங்கள் இருக்கும் 2100–2300 பகுதி அவற்றுக்குத் தெரியாது. முனையை அழுத்தும் விதம், உள்ளே கசியும் வெயில் எல்லாம் சேர்ந்துகொள்ளும். கருவியைக் குறை சொல்ல மாட்டேன், உலர்த்திய கோரில் அதைப் பயன்படுத்துங்கள். கோரின் ஆரத் திசை முகத்தை ஒரே தர உப்புத்தாளால் தேய்த்து, தூசியை ஊதிவிட்டு, அன்றே ஸ்கேன் செய்தால் கைக்கருவியும் மதிப்பான எண் கொடுக்கும்.

மாடல் சரி, கோர் எண்ணும் சரி, வெட்டிய மரம் மட்டும் ஒத்துப்போகவில்லை

கோர் முழு மரத்தின் நேர்மையான பிரதிநிதியா என்பதுதான் கேள்வி. 8 செ.மீ. ஆரமுள்ள தண்டை எடுங்கள். நடுவிலிருந்து 4 செ.மீ. வரையுள்ள பகுதி கோரின் நீளத்தில் பாதி. ஆனால் தண்டின் குறுக்குவெட்டுப் பரப்பில் அது கால்வாசிதான். கோரை அப்படியே அரைத்தால் நடுப்பகுதிக்கு இரண்டு மடங்கு செல்வாக்கு போய்விடுகிறது. தைல மரத்தில் நடுவிலிருந்து வெளியே போகப் போக அடர்த்தி பொதுவாகக் கூடும், ஆகவே கோர் மரத்தைக் குறைத்துச் சொல்லும். எல்லா மரத்துக்கும் ஒரே அளவு குறைத்தால் வரிசை கெடாது. ஒவ்வொரு குளோனும் தன் போக்கில் மாறும்போதுதான் கெடுகிறது.

நடுவிலிருந்து பட்டை வரையுள்ள ஆரத்தை நாலு சம துண்டாக வெட்டி, தனித்தனியாக ஸ்கேன் செய்து, உள்ளிருந்து வெளியே 1, 3, 5, 7 என்று எடை கொடுத்துச் சராசரி எடுங்கள். பரப்புக் கணக்கு அதுதான். நேரமில்லை என்றால் துண்டுகளை அதே விகிதத்தில் எடை போட்டுக் கலந்து அரைத்து ஒரே ஸ்கேனாகச் செய்யலாம்.

உயரம் அடுத்தது. மார்பளவில் எடுத்த கோர் முழுத் தண்டோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பது இனத்துக்கு இனம் மாறும். உங்கள் தொகுப்பிலிருந்து, கணிப்பில் உயர்ந்தவை, நடுத்தரம், தாழ்ந்தவை மூன்றிலும் சில மரங்களைத் தேர்ந்து வெட்டி, அடியிலிருந்து வணிக உயரம் வரை பல உயரங்களில் வட்டத் தகடு எடுங்கள். ஒவ்வொரு தகட்டிலிருந்தும் நடுப்புள்ளி வரை போகும் ஆப்புத் துண்டு அறுத்தால் பரப்பு எடை தானாகவே சரியாக அமைந்துவிடும். தகடுகளை அந்தந்த உயரத் தண்டின் கன அளவுக்கு எடை கொடுத்துச் சேர்த்து, முழு மர எண்ணைக் கோர் எண்ணுக்கு எதிராக வரையுங்கள். வரிசை ஒத்துப்போகும் உயரம் எதுவோ அதை நடைமுறைக் குறிப்பில் எழுதி, துளைக்கும் திசையையும் சேர்த்தெழுதி, களத்துக்குப் போகும் ஒவ்வொருவர் கையிலும் கொடுங்கள்.